ஒரு நாளைக்கு ஒரு டியூப் களிம்பு

குளோபெட்டசால் என்று எழுதிய சீட்டோடு உத்திரமேரூரில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் ஒரு டியூப் எடுத்து நீட்டிவிடுவார்கள். பதினைந்து டியூப் வேண்டும், பத்து நாள் கழித்து மறுபடி வருவேன் என்று சொல்லிப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். "டாக்டர் தப்பா எழுதிட்டாரா பாருங்க, ரொம்ப பவர் மருந்து இது" என்பார்கள். கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டியூப்போடு வரும் தாளிலேயே வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்றுதான் போட்டிருக்கும். எங்கள் ஆயாவுக்கு எழுதிக் கொடுத்திருந்ததோ ஒரு நாளைக்கு 20 கிராம். 15 கிராம் டியூப்பில் ஒன்றேகாலுக்கும் மேல், தினம் தினம்.

அந்தக் களிம்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வயதானவர்களுக்கு வருகிற ஒரு கொப்புள நோய்க்கு அந்தக் களிம்பை உடம்பு முழுக்கப் பூசுவதே முழு வைத்தியமாக இருக்க முடியும். மாத்திரைக்குத் துணையாக இல்லை, மாத்திரைக்குப் பதிலாக. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே நோயோடு வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிற கிழவன் கிழவிகள் இருப்பார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நோயின் பெயர் புல்லஸ் பெம்பிகாய்டு. வாயில் நுழையாத பெயர்தான். ஆயா கடைசிவரை அதை "அந்தப் பொக்குள நோவு" என்றுதான் சொல்லும்.

முதலில் வந்தது கொப்புளம் இல்லை, அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு திண்ணையில் உட்கார்ந்து துடைப்பக் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே இருக்கும். சொறிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் காய்ந்த ரத்தம். வயசானால் தோல் வறண்டுபோகும், எண்ணெய் தடவுங்கள் என்றார்கள். சிரங்கு மருந்து தடவச் சொன்னார்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் அடங்கி மூன்றாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பியது. இந்த நோயில் கொப்புளம் கிளம்புவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் முன்பே அரிப்பு வந்துவிடும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் பார்க்கிறவருக்கு இது எதுவாக வேண்டுமானாலும் தெரியும்.

அப்புறம் சிவந்த தடிப்புகள். அதற்கும் அப்புறம் ஒரு நாள் காலையில் தொடையிலும் முழங்கையின் உள்பக்கத்திலும் அடிவயிற்றிலும் கொப்புளங்கள். உள்ளே தெளிந்த நீர். சிலதில் லேசாக ரத்தம் கலந்திருந்தது. புரண்டு படுத்தாலும் உடையாத அளவுக்கு விறைப்பாக, தோல் தடித்து, விரலால் தொட்டால் உருண்டு நின்றன.

கிராமத்தில் கொப்புளம் என்றால் இரண்டே பதில்தான். ஒன்று, அம்மா வந்திருக்கிறாள். இல்லையென்றால், அக்கி. எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது, கறி மீன் நின்றது, குளிக்க வைப்பதும் நின்றது. அம்மை இத்தனை நாளா இறங்காமல் இருக்குமா என்று யாரோ கேட்ட பிறகு, அப்போ இது அக்கிதான் என்று முடிவாகி, அக்கி எழுதுகிறவரை அழைத்து வந்தார்கள். காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றி எழுதினார். நல்ல மனிதர். காசு வாங்கவில்லை.

அக்கி எழுதினால் ஏன் குணமாகிறது என்று நிறைய பேர் கேட்பார்கள். அக்கி என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் நரம்பு வழியே வரும் வைரஸ் கொப்புளம்தான். அது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் காவிக்குப் பேர் கிடைக்கிறது. பெம்பிகாய்டு அப்படிக் கிடையாது. இரண்டு பக்கமும் வரும். பழையது காயும்போதே புதியது கிளம்பும். ஒரு மாதம் கழித்தும் புதிய கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் அது அம்மையும் இல்லை, அக்கியும் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இந்தப் பதிவு எழுதியதற்குப் பலன் உண்டு.

இன்னொன்று. இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை ஆயாவிடம் வராமல் தடுத்தார்கள். கொப்புளத்தைவிட ஆயாவை அதுதான் அதிகம் வாட்டியது.

உள்ளே நடப்பது இதுதான். நம் தோலின் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் பிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்னப் பிணைப்புகள் உண்டு. அந்தப் பிணைப்பில் இருக்கும் இரண்டு புரதங்களுக்கு பி.பி.180, பி.பி.230 என்று பெயர். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வயதான காலத்தில் என்ன காரணத்தாலோ இந்தப் புரதங்களையே எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. அங்கே போய் ஒட்டிக்கொண்டு, வெள்ளை அணுக்களைக் கூட்டி, பிணைப்பை அரித்துவிடுகிறது. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொள்கிற மாதிரி மேல்தோல் மொத்தமாக உப்பிக்கொள்கிறது. மேல்தோல் முழுசாகத் தூக்கப்படுவதால்தான் கொப்புளம் அத்தனை விறைப்பாக இருக்கிறது.

இதைத் தனி நோய் என்று 1953-இல் பிரித்துக் காட்டியவர் வால்டர் லீவர் என்ற அமெரிக்க மருத்துவர். அதற்கு முன்னால் இதையும் பெம்பிகஸ் என்ற இன்னொரு நோயையும் ஒன்றாகவே பார்த்தார்கள். பெம்பிகஸில் பிளவு மேல்தோலுக்கு உள்ளேயே நடக்கும். அதனால் கொப்புளம் தொளதொளவென்று இருந்து சீக்கிரம் உடையும்; பல பேருக்கு வாய்ப்புண்ணில் ஆரம்பிக்கும்; நடுத்தர வயதிலேயே வரும். நம் நாட்டில் அதிகம் பார்ப்பது பெம்பிகஸைத்தான். அதற்கு வைத்தியமும் வேறு. டெல்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் 1980-களில் கொண்டுவந்த முறை ஒன்று இருக்கிறது: 28 நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து மூன்று நாள், 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை குளுக்கோஸில் கலந்து நரம்பில் ஏற்றுவார்கள். அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். அதற்கு முன்னால் பெம்பிகஸ் வந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் அது எத்தனை பெரிய காரியம் என்று புரியும். நான் இங்கே எழுதும் களிம்பு வைத்தியம் பெம்பிகஸுக்கு இல்லை. அங்கே களிம்பு வெறும் துணைதான். எது எது என்று தெரியாமல் யாரும் பூச ஆரம்பித்துவிடாதீர்கள்.

எது எது என்று தெரிய, தோலில் சிறு துண்டு எடுக்க வேண்டும். ஆயாவுக்கு இரண்டு இடத்தில் எடுத்தார்கள். ஒன்று புதுக் கொப்புளத்தின் ஓரத்தில். அது பார்மலினில் போனது. இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்திலிருக்கும் நல்ல தோலில். அதை பார்மலினில் போடக் கூடாது. தனித் திரவத்திலோ சலைனிலோ வைத்து அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது துண்டைச் சாயமேற்றி ஒளிரும் நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் ஒரே நேர்க்கோடாகப் பச்சை ஒளி தெரியும். எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும் இடம் அது. பெம்பிகஸ் என்றால் கோடு தெரியாது, வலை வலையாகத் தெரியும். இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடையாது. எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோதான் போக வேண்டும்.

ஆனால் தோல் டாக்டர் முதலில் கேட்டது தோல் துண்டை இல்லை. "பாட்டி என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? அட்டையெல்லாம் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்டார். சித்தி மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டியது. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். சர்க்கரை மாத்திரை. வில்டாகிளிப்டின்.

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிளிப்டின் என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள் ஒரு குடும்பம். இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் மிகச் சிலருக்கு பெம்பிகாய்டு வருகிறது என்பதைப் பின்லாந்து, இஸ்ரேல், ஜப்பான் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் வில்டாகிளிப்டினுக்குத்தான் தொடர்பு அதிகம். மாத்திரை ஆரம்பித்து மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வரலாம். அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. இந்தியாவில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்தது. ஏகப்பட்ட கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து, விலை சடசடவென்று இறங்கியது. ஏழைகளுக்கு நல்ல சர்க்கரை மாத்திரை கைக்கெட்டியது நல்ல விஷயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் ஊர்ப் பெட்டிகளில் இப்போது அந்த மாத்திரை நிறைய இருக்கிறது. கொப்புளம் வந்த சர்க்கரை நோயாளி என்றால் அந்த அட்டையைத் தேடிப் பார்ப்பது டாக்டரின் வேலை மட்டும் இல்லை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆயாவுக்கு அந்த மாத்திரையை மாற்றி வேறு கொடுத்தார்கள்.

அடுத்தது வைத்தியம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். டாக்டர் ஆயாவின் எடையைப் பார்த்தார். 45 கிலோ இல்லை. சர்க்கரை இருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது, ஒரு கண்ணில் புரை. "இந்த உடம்புக்கு மாத்திரை வேணாம். களிம்புலயே போயிடலாம். ஆனா நான் சொல்ற அளவு தடவணும். பொட்டு வைக்கிற மாதிரி தடவிட்டு வந்து சரியாகலைன்னு சொல்லக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் பிரான்ஸில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பாஸ்கல் ஜோலி என்ற தோல் மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் செய்தது. 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மொத்தம் 341 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான பிரெட்னிசோன் மாத்திரை. மீதிப் பேருக்கு மாத்திரையே இல்லை, 0.05 சதவீத குளோபெட்டசால் களிம்பு, ஒரு நாளைக்கு 40 கிராம், உடம்பு முழுக்க. கொப்புளம் இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை, நல்ல தோலிலும். நோய் கடுமையாக இருந்த 188 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தால், அதாவது ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புதுக் கொப்புளம் வந்தவர்கள், ஒரு வருடம் கழித்துக் களிம்புக் கூட்டத்தில் 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரைக் கூட்டத்தில் 58 சதவீதம். மூன்று வாரத்தில் நோய் அடங்கியது களிம்பில் 99 சதவீதம் பேருக்கு, மாத்திரையில் 91 சதவீதம் பேருக்கு. கடுமையான பக்க விளைவு 29-க்கு 54.

அந்த 76-க்கும் 58-க்கும் நடுவில் இருக்கும் பதினெட்டைப் பாருங்கள். நூறு கிழவர்களில் பதினெட்டுப் பேர். புது மருந்து இல்லை, லட்ச ரூபாய் ஊசி இல்லை. 1970-களிலிருந்து இருக்கும் களிம்பு. நோய் மிதமாக இருந்தவர்களில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடுமையான நோய்க்குத்தான் மாத்திரை வேண்டும், களிம்பெல்லாம் லேசான நோய்க்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே தலைகீழ் என்று அந்த ஆய்வு காட்டியது. 2009-இல் அதே குழு இன்னொன்றும் செய்து பார்த்தது. நாளுக்கு 10 முதல் 30 கிராம் வரை என்று அளவைக் குறைத்து, தடவும் மாதங்களையும் குறைத்தது. மொத்த மருந்து 70 சதவீதம் மிச்சமானது. நோய் அதே மாதிரி அடங்கியது. இன்றைக்கு ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஆரம்ப அளவு நாளுக்கு 30 முதல் 40 கிராம், 45 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 20 கிராம், முகத்தைத் தவிர்த்து. ஆயாவுக்கு எழுதிய 20 அப்படி வந்ததுதான்.

சீட்டில் 20 கிராம் என்று எழுதுவது சுலபம். வீட்டில் யாருக்கு 20 கிராம் தெரியும்? டியூப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் கிட்டத்தட்ட அரை கிராம். அது பெரியவர் கையால் இரண்டு உள்ளங்கை விரிப்பு இடத்துக்குக் காணும். அப்படியானால் நாளுக்கு நாற்பது விரல். காலையில் இருபது, ராத்திரி இருபது. சித்தி பத்தாவது படிக்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கு அதற்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. முதுகுக்கு இத்தனை, ஒவ்வொரு காலுக்கும் இத்தனை என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே பூசும்.

பூசுவதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைக்க வேண்டும். உடைந்து நீர் கசிகிற இடங்களுக்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீர். அது லேசான ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்தால் தோல் வெந்துவிடும், படிகம் ஒன்று கரையாமல் தோலில் பட்டாலும் வெந்துவிடும். பெரிய கொப்புளத்தை நர்ஸ் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிடச் சொல்லிக் கொடுத்திருந்தார். மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. பிறகு ஈரத்தை ஒற்றியெடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, களிம்பு. கையுறை ஏன் என்றால் பூசுகிறவர் கைத்தோலும் மருந்தைக் குடிக்கும். தினமும் இரண்டு வேளை மாதக்கணக்கில் வெறுங்கையால் பூசினால் சித்தியின் கைத்தோல் மெலிந்து போயிருக்கும். தேய்க்கக் கூடாது. தடவிப் பரப்ப வேண்டும்.

படுக்கைதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கசிகிற புண்ணில் துணி ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது தோலோடு பிய்த்துக்கொண்டு வரும். ஆயா அலறியது அந்த நேரங்களில்தான். வாழையிலை போடச் சொன்னதும் அதே நர்ஸ்தான். தீக்காய வார்டிலும் கொப்புள நோயாளிகளுக்கும் வாழையிலையில் படுக்கவைப்பது நம் ஆஸ்பத்திரிகளுக்குத் தெரிந்த விஷயம். மும்பையில் டாக்டர்கள் தீக்காயத்துக்கு வாழையிலைக் கட்டுப் போட்டு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். இலையின் மேற்பரப்பில் மெழுகு இருப்பதால் புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். கொல்லையில் வாழை இருந்தது. நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, கழுவித் துடைத்து, பழைய வேட்டியின் மேல் விரித்தோம். அன்றைக்கு ராத்திரி ஆயா தூங்கியது.

"இன்னாத்துக்குக் கண்ணு இவ்ளோ செலவு? நெல்லு வித்த காசெல்லாம் எம்மேல பூசிக்கினு கீறீங்க" என்று ஆயா ஒரு நாள் சொன்னது. "நீ சும்மா இரும்மா, கையத் தூக்கு" என்றது சித்தி. செலவு நிஜம்தான். கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மாதிரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, பல மருந்து கலந்த களிம்பை வாங்கிவிடாதீர்கள். வெறும் குளோபெட்டசால் என்று இருக்க வேண்டும்.

கலப்புக் களிம்பு என்று சொன்னேன். நம் ஊரில் ஸ்டீராய்டு களிம்பின் கதை முழுக்க அங்கேதான் கெட்டுப்போனது. படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப்; முகம் வெளுக்க இன்னொரு டியூப். சீட்டு இல்லாமல் கிடைக்கும். படர்தாமரை அடங்கின மாதிரி இருந்து உடம்பு முழுக்கப் பரவும். முகத்தில் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, வெயிலில் போக முடியாமல் எத்தனை பெண்பிள்ளைகள்! இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் வருடக்கணக்கில் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் வைத்தது. நல்ல முடிவு. இன்னும் கடுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பேன்.

ஆனால் இதனால் உண்டான ஸ்டீராய்டு பயம் வந்து சேர்ந்திருப்பது யாரிடம்? பதினெட்டு வயதுப் பெண் முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறாள். எண்பது வயதுக் கிழவிக்கு டாக்டர் எழுதிய மருந்தை வீட்டில் பாதியாகக் குறைத்துப் பூசுகிறார்கள். "ஸ்டீராய்டாமே, ஜாஸ்தி போட வேணாம்" என்று எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் சொல்லாத நாள் இல்லை. பாதி அளவில் கொப்புளம் அடங்காது. அடங்கவில்லை என்று மாத்திரைக்குப் போவார்கள். மாத்திரை உள்ளே போய் சர்க்கரையை ஏற்றி, எலும்பை உடைத்து, கிருமியை உள்ளே விடும். பயந்தது எதற்கோ, அதற்கே வாசல் திறந்துவிடுகிற காரியம் இது.

களிம்புக்குப் பக்க விளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இத்தனை கிராம் பூசினால், அதுவும் தோல் உரிந்த இடத்தில், கொஞ்சம் ரத்தத்துக்குள் போகத்தான் செய்யும். ஆயாவுக்குச் சர்க்கரை ஏறியது. அடிக்கடி பார்த்து மருந்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முன்கைத்தோல் மெலிந்து, லேசாக இடித்துக்கொண்டாலே ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு வந்தது. மார்புக்குக் கீழே, தொடை இடுக்கில் பூஞ்சை வந்தது, அதற்குத் தனி மருந்து. காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் சீழோ நாற்றமோ தெரிந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, பார்த்துக்கொண்டு, அளவு குறையாமல் பூசுவதுதான் வைத்தியம்.

களிம்பு பூச முடியாத வீடுகளுக்கு வேறு வழியும் உண்டு. டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கை நாளுக்கு 200 மில்லிகிராம் கொடுத்து, பிரெட்னிசோலோன் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஓர் ஆய்வு நடந்தது. 2017-இல் லான்செட்டில் வந்தது. ஆறு வாரத்தில் கொப்புளம் அடங்கியது டாக்சிசைக்ளினில் 74 சதவீதம் பேருக்கு, ஸ்டீராய்டில் 91 சதவீதம் பேருக்கு. வேகம் குறைவு, ஆனால் ஒரு வருடத்தில் கடுமையான பாதிப்பு பாதியளவுதான். யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

எனக்கு மனசு அடித்துக்கொள்வது கை இல்லாத வீடுகளை நினைத்துத்தான். ஆயாவுக்குச் சித்தி இருந்தது. எங்கள் தெருவிலேயே பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வீடுகள் எத்தனை! கிழவர் ஒருத்தர், கிழவி ஒருத்தி, ரேஷன் அரிசி, உதவித்தொகை. தன் முதுகில் தானே களிம்பு பூச எண்பது வயதில் யாருக்கு முடியும்? இந்த நோய் வருகிறவர்களில் நிறைய பேர் ஏற்கெனவே பக்கவாதம், மறதி நோய், நடுக்குவாதம் வந்தவர்கள். பிரான்ஸில் வீட்டுக்கே நர்ஸ் வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு, அதற்கு அரசுக் காப்பீடும் உண்டு. அங்கே ஆய்வு ஜெயித்ததில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

நம்மிடம் அப்படி ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிதணிப்பு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். ஓர் ஒன்றியத்தில் பெம்பிகாய்டு நோயாளிகள் கூட்டம் கூட்டமாக இருக்கப் போவதில்லை. அந்த ஒருசிலருக்கு, நோய் அடங்கும் வரையிலான முதல் சில வாரங்கள் மட்டும், தினமும் ஒருவர் வந்து பூசிவிட ஏற்பாடு செய்தால் என்ன? களிம்பையும் 15 கிராம் டியூப்பாக இல்லாமல் பெரிய டப்பாவாக ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தால் என்ன? கேட்க வேண்டிய இடத்தில் நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

ஆயாவுக்கு முதல் வாரத்திலேயே அரிப்பு பாதியானது. புதுக் கொப்புளம் நின்ற பிறகும் இரண்டு வாரம் அதே அளவு பூச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நின்றுவிட்டதே என்று விடக் கூடாது. அதற்கப்புறம் படிப்படியாக: முதல் மாதம் தினமும் ஒரு வேளை, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தோம். நடுவில் ஒரு தடவை தொடையில் அரிப்பும் இரண்டு கொப்புளமும் வந்தன. டாக்டர் ஒரு படி பின்னால் போய் மறுபடி தினமும் பூசச் சொன்னார், அடங்கிவிட்டது. இந்த நோய் திரும்பி வரும் குணமுள்ளது. திரும்பும்போதும் அரிப்புதான் முதலில் வரும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் காரணம் தெரியாத அரிப்பு வாரக்கணக்கில் இருந்தால், அதுவும் எழுபது வயதைத் தாண்டியவர் என்றால், காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். உத்திரமேரூரிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 30 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது. தோல் பிரிவு என்று கேட்டு, காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், போகிற அன்றைக்கு உடைந்திருக்கலாம். களிம்பு எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண் இருந்தால்தான் மருந்துக் கடையிலும் பேச முடியும், வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களிடமும் பேச முடியும்.